தோஸ்துக்கு ஆடுன ஆட்டம்

என் நெஞ்சு கன்னாபின்னான்னு தாளம் தப்பி அடிச்சுகினு இருந்த காலத்துல, டோல்கேட்ல பங்க்சர் கடை வெச்சிருந்த என் தோஸ்து ஒரு வாக்கு குடுத்தான். "கவலைப்படாத மாமு. நீ பூட்டா ராயபுரத்து மேளம் வெச்சு, சுடுகாடு வரைக்கும் நான் ஆடிகினே வரேன்." எங்க பக்கம் பொணத்துக்கு முன்னால வேண்டியவங்க ஆடணும். ஆளில்லாம போனா அனாதைப் பொணம்னு பேராயிடும். அதனால எனக்கு அது மெய்யாலும் ஆறுதலா இருந்துச்சு.

அப்பால ஆஸ்பத்திரில தொடை வழியா நெஞ்சுக்குள்ள ஒயர் உட்டு, கோளாறு பண்ணிகினு இருந்த எடத்தைச் சுட்டுட்டாங்க. அதுலேர்ந்து நெஞ்சு சோக்கா அடிச்சுது. வாழ்க்கைதான் பேஜாராயிடுச்சு. படி ஏறுனா மூச்சு வாங்கல, ஆனா ஏற உடமாட்டாங்க. என் வூட்டுக்காரி தண்ணிக் குடத்தைத் தொட உடமாட்டா. சோத்தைப் போட்டுட்டு என் மணிக்கட்டைப் புடிச்சுப் பார்ப்பா. "ஒழுங்காதான் கீது"ன்னு சந்தேகமா சொல்லுவா. எல்லா வேலையும் செய்யலாம்னு டாக்டர் சொன்னாரேன்னேன். "அவருக்கு இன்னா, தாலி அவரு கழுத்துலயா கீது?"ன்னா.

மழைக்காலம் வர்றதுக்குள்ள தோஸ்து பூட்டான். டயர் மாட்டிகினு இருந்தவன் அப்டியே சாஞ்சுட்டான். அவனுக்கும் நெஞ்சுதான். ஒரு மாத்திரை துன்னு அறியாதவன். ஏமாத்திட்டான் படுபாவி.

பூப்பல்லக்கைத் தூக்குனாங்க, மேளம் கிளம்புச்சு. நான் லுங்கியை மடிச்சுக் கட்டுனேன். உடனே ஆளாளுக்கு ஓடியாந்து என்னைப் புடிச்சாங்க. ஒருத்தன் நாற்காலி போட்டான், இன்னொருத்தன் சோடா உடைச்சான். பொணத்தை உட்டுட்டு தெருவே என்னைப் பார்த்துகினு இருந்துச்சு. என் வூட்டுக்காரி மணிக்கட்டை உடவேயில்ல. "இன்னிக்கு ஒரு சாவு போதும்"னா.

தோஸ்தோட பொண்டாட்டி அழுகையை நிறுத்திட்டு எழுந்து வந்தா.

"உடுக்கா. அண்ணன் ஆடட்டும். அண்ணனுக்கு ஆடுறேன் ஆடுறேன்னு சொல்லிகினே இருந்த மனுசன். அவருக்கு வேற யாரு கீறாங்க?"

என் வூட்டுக்காரி கையை உட்டா.

ஆடுனேன். டோல்கேட்ல பஸ்ஸுங்க நின்னு வழி உட்டுச்சு. கண்ணுல தண்ணி ஊத்துது, மூக்கு ஒழுகுது, காலு மட்டும் நிக்கல. சுடுகாட்டு வாசல் வரைக்கும் ஆடிகினே போனேன்.

தலைக்கு ஊத்திகினு வூடு திரும்புனதும் அவ என் மணிக்கட்டைப் புடிச்சுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. "ஒழுங்கா கீதுய்யா"ன்னு ஓன்னு அழுதா.

எனக்குத்தான் ஆத்திரமா வந்துச்சு. அவனுக்காக இந்த நெஞ்சு ஒரே ஒரு அடியாவது தப்பியிருக்கலாம்.