கேன்டீனுக்குப் பின்னால் பிறந்த ரேஸ் டீம்

கார் கம்பெனியில் எனக்கு முதலில் கொடுத்த வேலை இடது முன்கதவு. கார் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். நான் கதவை மாட்டி, ஒரு தட்டு தட்டிச் சாத்திப் பார்த்து அனுப்புவேன். வலது கதவு எதிரில் நிற்பவருடையது. நான்கு வருடம் அதைத் தொட்டதே இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அப்பா ஊருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டுகிறார். மகள் கார் கம்பெனியில் இருக்கிறாள் என்று வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாதிக் கார்தான் என்பதைச் சொல்லமாட்டார்.

எங்கள் ஃபேக்டரிக்கு ஒரு ரேஸ் டீம் இருந்தது எனக்கே வெகுநாள் தெரியாது. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், டெஸ்டிங் பிரிவில் இருந்த நான்கு பேர் ஆரம்பித்தது. மழைநீர் உள்ளே கசிகிறதா என்று பார்ப்பதற்காகத் தண்ணீர் அடித்தே பாழான, விற்பனைக்கு அனுப்ப முடியாத ஒரு காரை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். நீங்களும் நானும் கடையில் வாங்குகிற அதே கார்தான். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப்போட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, ஒரே ஒரு சீட் வைத்து, ரேஸுக்குக் கொண்டுபோனார்கள். முதல் வருடம் ஒரு ரேஸில்கூடக் கடைசிச் சுற்றைப் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் கம்பெனி டைரக்டர் குடும்பத்தோடு பார்க்க வந்தார். கார் சரியாக அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே வந்து, புகைவிட்டு நின்றது. பக்கவாட்டில் கம்பெனி பெயர் பெரிதாக எழுதியிருந்தது. டீமை மூட வேண்டும், இல்லையென்றால் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது. இப்படி, பெருமையால் கிடைக்காத ஆதரவு எங்களுக்கு வெட்கத்தால் கிடைத்தது.

புனேயிலிருந்து மேனேஜர் வந்தார். ஷெட்டில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி மூன்று வரி எழுதினார். முதல் வருடம்: எல்லா ரேஸையும் முடிப்பது. இரண்டாம் வருடம்: மேடை ஏறுவது. மூன்றாம் வருடம்: வெளிநாடு. நான்காவது வரியாக யாரோ 'டீ' என்று எழுதியிருந்தார்கள். பாடி வேலைக்கு ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியபோது நான் பெயர் கொடுத்தேன். ரேஸ் மீது ஆசையென்று பொய் சொல்லவில்லை. வலது கதவைத் தொட வேண்டும் என்றுதான் சொன்னேன். மேனேஜர் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அவருக்கு நெருப்பென்றால் பயம். அதனால் தினமும் காலையில் ஒரு பயிற்சி. தகரத் தட்டில் துணியைக் கொளுத்திக் காருக்குப் பக்கத்தில் வைப்பார். மூன்று எண்ணுவதற்குள் நான் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி அடிக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு எண்ணுவதற்குள் அடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

முதல் வருட இலக்கு எப்படியோ நிறைவேறியது. இரண்டாம் வருடத்தின் முதல் ரேஸுக்குக் கோயம்புத்தூர் கிளம்பும்போது, என் ஊர் எதென்று மேனேஜர் விசாரித்தார். சொன்னதும், பூஜை போட்டுவிட்டுப் போகலாம் என்று லாரி டிரைவரிடம் வண்டியைத் திருவண்ணாமலை வழியாக விடச் சொல்லிவிட்டார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். எதிரே இருந்த காலி இடத்தில் லாரியிலிருந்து காரை இறக்கினோம். அப்பா வேனோடு வந்துவிட்டார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, ஜன்னலில் தலையைவிட்டுப் பார்த்தார்.

"இன்னாமா, ஒரே சீட்டுதான் இருக்குது?"

"ஓட்டறவருக்கு மட்டும்தான்ப்பா."

"பின்னாடி இவ்ளோ எடத்த சும்மா உட்டு வெச்சிருக்கீங்களே. எட்டு பேர் தாராளமா உக்காரலாம்." மேனேஜரிடமும் அதைச் சொன்னார். மேனேஜர் பணிவாகக் குறித்துக்கொண்டார்.

குருக்கள் மாலை போட்டார், பொட்டு வைத்தார். யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டதற்குக் கம்பெனி பெயரைச் சொன்னோம். நட்சத்திரம் கேட்டார். டைரக்டர் முன்னால் புகைவிட்ட நாளைக் கணக்குப் பண்ணலாமா என்று எங்கள் ரேஸ் ஓட்டுநர் என் காதில் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், குருக்கள் தட்டில் கற்பூரம் ஏற்றிக் காரின் முகப்புக்குக் கொண்டுவந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. கை யோசித்தது. சிலிண்டர் எப்போது என் கைக்கு வந்தது என்று இன்றும் தெரியாது. வெள்ளைப் பொடி புஸ்ஸென்று கிளம்பி, கற்பூரம், தட்டு, மாலை, குருக்களின் மீசை எல்லாவற்றையும் மூடியது. இரண்டு எண்ணியிருக்கமாட்டார்கள்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். மேனேஜருடைய முகத்தில் மட்டும், மறைக்க முடியாத ஒரு திருப்தி.

குருக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "விபூதி நான் குடுக்கணும்மா. நீ குடுத்துட்ட. அதுவும் ரொம்ப ஜாஸ்தி."

"மன்னிச்சுக்கோங்க சாமி, பழக்கத்துல..."

"பரவால்ல. தட்டக் கழுவிட்டு வரேன். நீ அந்த சிலிண்டர எடுத்துக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லு."

ரோட்டுக்கு அப்பால் நின்றுதான் மீதிப் பூஜையைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், நல்ல நேரத்தில் ஒருமுறை இன்ஜினைப் போட வேண்டும் என்றார் மேனேஜர். எங்கள் காருக்குச் சைலன்சர் என்று ஒன்று கிடையாது. போட்டதும் மரத்திலிருந்த குரங்குகள் ஒரே தாவலில் காணாமல் போயின. பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களிலிருந்து, அமைதி தேடிக் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஜடை போட்ட ஒரு பெரியவர் நேராக வந்து, வெள்ளை ஜிப்பாவோடு மண்ணில் படுத்து, காருக்கு அடியில் பார்த்துவிட்டு, பிரேக்கைப் பற்றி எங்கள் மெக்கானிக்கோடு அரைமணி நேரம் சண்டை போட்டார்.

அப்பா வேனை மாமாவிடம் கொடுத்துவிட்டு எங்களோடு லாரியில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

கோயம்புத்தூரில் இரண்டு ரேஸ். முதல் ரேஸில், முதல் வளைவிலேயே எங்கள் காரை ஒருவர் இடித்துவிட்டார். இடது முன்கதவு நசுங்கி, திறந்து திறந்து அடித்துக்கொண்டு வந்தது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியைக் காட்டினார்கள். சரிசெய்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று அர்த்தம். கார் உள்ளே வந்ததும் மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடினார்கள். எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. கீலுக்குக் கீழே ஒரு உதை, பூட்டுக்கு மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு. சாத்திக்கொண்டது. டேப்பைக் குறுக்கே இழுத்து ஒட்டி, "போ!" என்று கத்தினேன். ஓட்டுநர் எட்டாவதாக முடித்தார்.

எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எட்டாவதா வந்ததுக்கா இவ்ளோ?"

"ரெண்டாவது ரேஸுல முதல் எட்டு பேர தலைகீழா நிக்க வெப்பாங்கப்பா. எட்டாவதா வந்தவர்தான் முதல்ல நிப்பாரு."

"கடைசில வந்தவனுக்கு முன்சீட்டா? அது நம்ம வண்டி சட்டமாச்சே!"

இரண்டாவது ரேஸ் முழுக்க அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்கள் கடக்கும்போதெல்லாம், "சைடு குடுக்காத! சைடு குடுக்காத!" என்று கத்தினார். கடைசிச் சுற்றில் ஒருவருக்கு மட்டும் சைடு கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் இடம். ஓட்டுநர் மேடை ஏறியபோது மேனேஜர் அழுதார். நானும் அழுதேன். அப்பா பக்கத்தில் நின்றவரிடம், ஜெயித்த வண்டிக்குப் பின்னாலேயே வந்த வண்டி எங்களுடையது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருட வரி இந்த வருடம் மலேசியாவில் நிறைவேறியது. அங்கே காரைப் பரிசோதித்த அதிகாரி தமிழர். என் ஊரைக் கேட்டார். திருவண்ணாமலை என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை கிரிவலம் வந்திருக்கிறாராம். அடி அண்ணாமலையில் குடித்த சுக்குக் காப்பியைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். பிறகு காரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எடை பத்தலையேம்மா, ஓட விட முடியாது" என்றார், அதே அன்போடு.

ஈயத் தகட்டைத் தேடிப்பிடித்து, காரின் உள்தரையில் துளைபோட்டு இறுக்கிக் கட்டினோம். பதினொன்றாவதாக வந்தோம். எங்களுக்குப் பின்னால் நான்கு கார்கள் இருந்தன. அப்பாவுக்குப் போன் போட்டபோது அந்த நான்கைப் பற்றித்தான் முதலில் சொன்னேன்.