மடித்து வைத்த தொழுகை உடுப்பு

என்னிடம் ஓத வருகிற பிள்ளைகளில் ஒருத்தி பதினொரு நாளாகக் குர்ஆனைத் தொடவில்லை. பதின்மூன்று வயது. தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மற்ற எட்டுப் பேரோடும் வருவாள். பாயின் ஓரத்தில் இருந்துகொண்டு, தனக்குத் தொழுகை இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். மாதவிலக்கு என்று எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொழுகை இல்லை என்றால் விளங்கிவிடும். அந்த நாட்களில் தொழவும் கூடாது, குர்ஆனைத் தொட்டு ஓதவும் கூடாது. மற்றவர்கள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம்.

ஐந்தாம் நாள் வரைக்கும் தலையாட்டினேன். எட்டாம் நாள் அவளுடைய முகத்தைக் கவனித்தேன். பதினோராம் நாள் மற்றவர்கள் திக்கித் திணறி ஓதிக்கொண்டிருக்க, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வெகு நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது.

காலையில் நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பின்னேரம் யாழ்ப்பாணம் டவுனில், எங்கள் வீட்டு முன்னறையில், தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். காலையில் 'ஏன் என்று கேள்' என்பேன். பின்னேரம் 'சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்' என்பேன். இரண்டும் தமக்குள் சண்டை பிடிப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. என்னைத் துரத்துவது வேறொன்று.

வாப்பா தையல்காரர். இந்த முன்னறையில்தான் அவருடைய மிஷின் இருந்தது. அவரைக் கண்டிப்பானவர் என்று சொன்னால் அது கொஞ்சம். தெருப்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பலகை அடித்து வைத்திருந்தார். வீட்டில் டிவி கிடையாது. நல்லூரில் ரியூசனுக்குப் போவதென்றால் அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு மணித்தியாலமும் மதிலோரம் காத்து நிற்பார். கூடப் படித்தவர்கள் அவருக்கு வாச்சர் என்று பட்டம் வைத்தார்கள். ஒருநாள் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

தொண்ணூறில் புலிகள் எங்கள் ஆட்களை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும், ஊரை விட்டு வெளியேற்றியபோது வாப்பா இளந்தாரி. உடுத்த உடுப்போடு போனவர்களில் அவரும் ஒருவர். நான் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் பிறந்தேன். சண்டை முடிந்து, கூரையில்லாத இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதருக்குப் பிள்ளையையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன? அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

விடியமுன் சுபஹ் தொழுததும் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக ஓத வேண்டும். அவர் தைத்துக்கொண்டே கேட்பார். அவருக்கு அரபு எழுத்து சரளமாக வாசிக்க வராது. ஓதிப் படிக்கிற வயதில் தையல் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் காது பொல்லாதது. நான் ஓரிடத்தில் பிழை விட்டால் மிஷின் நிற்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். நான் திரும்பப் போய்ச் சரியாக ஓதினால் மிஷின் ஓடத் தொடங்கும். நன்றாக ஓதிய நாட்களில் மட்டும், தன் உயிர் பிரிந்து மௌத்தாகும்போது மகள்தான் தலைமாட்டில் இருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும் என்று உம்மாவிடம் சொல்வார். என்னிடம் நேரே சொன்னதில்லை.

நான் பெரிய பிள்ளையான பிறகு வீட்டில் ஒரு வழமை வந்தது. தொழுகை இல்லாத நாட்களில் என்னுடைய வெள்ளைத் தொழுகை உடுப்பை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். வாப்பா அதைக் கண்டால் சுபஹுக்கு என்னை எழுப்ப மாட்டார், ஓதவும் கேட்க மாட்டார். வாப்பாவும் மகளும் வாய்விட்டுக் கதைக்க முடியாத விஷயத்துக்கு உம்மா கண்டுபிடித்த வழி அது. நாலைந்து மாதத்திலேயே அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து நாளை ஏழாக்கினேன், ஏழைப் பத்தாக்கினேன். ஏ.எல். படிக்கிற காலத்தில் மாதம் இரண்டு தரமும் உடுப்பு அலுமாரிக்கு மேலே போனது. பரீட்சைக்குப் படிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு நித்திரை கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, உடுப்பை மடித்துத்தானே வைத்தேன் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலை. அதற்கு முதல் நாள்தான் நான் உடுப்பை மடித்து வைத்திருந்தேன். எனக்கு ஒரு விலக்கும் இல்லை. எட்டு மணியிருக்கும். நான் குசினிக்குள் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வாப்பாவின் அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"மகளை ஒருக்கா யாசீன் ஓதச் சொல்லு."

உம்மா வழமையை விடச் சத்தமாக, "அவளுக்குத் தொழுகை இல்லை" என்றார்.

"சரி" என்றார் வாப்பா.

நான் திருவலையில் இருந்தபடியே இருந்தேன். எழும்பிப் போய், நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிவில்லை என்றால், சுத்தமாகிவிட்டேன் என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் போய் இருந்திருக்கலாம். அதையும் நினைத்தேன். இன்றைக்குப் பின்னேரம் குளித்துவிட்டு, பொழுதுபட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு ஓதலாம் என்று முடிவெடுத்துக்கொண்டு தேங்காயைத் திருவி முடித்தேன். பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னமே வாப்பா மௌத்தாகிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். வீடு நிறையப் பெண்கள் வந்து யாசீன் ஓதினார்கள். எழுத்துக்கூட்டி ஓதுகிறவர்கள்கூட ஓதினார்கள். அந்தத் தெருவிலேயே நன்றாக ஓதத் தெரிந்த நான் சுவரோரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உம்மாவின் தங்கை, என் சாச்சி, அலுமாரிக்கு மேலே பார்த்துவிட்டு, பாவம் பிள்ளை, இந்த நேரம் பார்த்து இப்படியா வர வேண்டும் என்று வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார். எல்லோரும் எனக்காக இரங்கினார்கள். ஒருவர் என் தலையைத் தடவி, உன் மனதில் இருப்பது அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார். பொய்யைத் தொடங்கியாகிவிட்டதால் ஏழு நாளும் அதைக் காப்பாற்றினேன். எட்டாம் நாள் குளித்துவிட்டு, வாப்பா இல்லாத வீட்டில் யாசீன் ஓதினேன்.

உண்மையிலேயே தொழுகை இல்லாத நாட்களைத் தவிர, இன்றைக்குவரை ஒரு சுபஹையும் விட்டதில்லை, வாப்பாவுக்காக ஒரு நாள் யாசீனையும் விட்டதில்லை. அதைப் பார்த்துத்தான், இப்படி ஒரு பிள்ளை கிடைக்காது என்று தெருவில் பெயர் வந்தது. அந்தப் பெயரால்தான் தங்கள் பிள்ளைகளை என்னிடம் ஓத அனுப்புகிறார்கள். மிஷினை விற்று வருடங்களாகிவிட்டன. ஆனாலும் ஏதாவது ஒரு பிள்ளை பிழை விடும்போது, பக்கத்தில் மிஷின் நிற்பது எனக்குக் கேட்கிறது. ஓடுகிற சத்தம் கேட்பதில்லை, நிற்பது மட்டும்தான் கேட்கிறது. தேங்காய் திருவ இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ என்னை ஓதச் சொல்வதுபோல இருக்கும். அதனால் இப்போதும் உம்மாதான் திருவுகிறார். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

அல்லாஹ்விடம் எத்தனையோ தரம் தௌபா செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் மன்னிக்கிறவன் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன், நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும் என்பதும் அதே மார்க்கம்தான். அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவேன். பாடசாலையில் ஒரு ரீச்சர், நல்லூர்த் திருவிழாவுக்கு மாமியாரோடு வெயிலில் போக அலுப்பில், கோயிலுக்குப் போக ஏலாத நாள் என்று பொய் சொல்லித் தப்பியதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஓய்வறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பி திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். இது ஊரெல்லாம் சொல்கிற சின்னப் பொய்தான். எனக்கு மட்டும்தான் அதற்கு இந்த விலை.

பதினோராம் நாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, உம்மாவுக்கு முன்னால் கொட்டித் தீர்த்தேன். உம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை மார்க்கத்தோடு விளையாடுகிறாள், நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் வைத்து இவளைக் கேட்கப் போகிறேன், தாய் தகப்பனையும் கூப்பிடப் போகிறேன் என்று கத்தினேன். உம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"உன்னை ஆரும் அப்பிடிக் கேட்டதோ?" என்றார்.

உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். உன் உடுப்புகளைத் தோய்த்தவள் நான், எனக்குத் தெரியாமல் போகுமா என்றார். அன்றைக்குக் காலையிலும் தெரியுமா என்றேன். ஓம் என்றார். பிறகு ஏன் வாப்பாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனக்குக் கேக்கட்டும் எண்டுதான் பிலத்துச் சொன்னனான். இல்லை உம்மா எண்டு நீ வெளியிலை வருவாய் எண்டு பாத்தன்."

அப்படியானால் வாப்பா ஒன்றும் தெரியாமலே போய்விட்டாரா என்று கேட்டேன். இத்தனை வருடமும் என்னைத் தின்ற கேள்வி அதுதான். என்னை நம்பி, என் பொய்யை நம்பி, பாவம் என்று எனக்காக இரங்கிவிட்டுப் போனார் என்று நினைத்துத்தான் அழுதிருக்கிறேன். உம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"அவருக்கு ஒரு வருசமாத் தெரியும். மாசத்திலை ரெண்டு தரம் உடுப்பு மேலை போனா, அவருக்கு விளங்காதோ? என்னட்டைக் கேட்டவர். நான் மறைக்கேல்லை. பிள்ளையைக் கேட்டு வெக்கப்படுத்தாதை எண்டவர். அண்டைக்கும் தெரிஞ்சுதான் ஓதச் சொன்னவர். சரி எண்டு சொல்லிப்போட்டும் கதவைப் பாத்துக்கொண்டுதான் கிடந்தவர்."

அதற்குப் பிறகு உம்மா அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மஃரிப் தொழுதேன், ஆனால் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. வாப்பா என்னைக் கேட்காமல் விட்டது தயவு என்றால், அந்தத் தயவின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உம்மா சத்தமாகச் சொன்னார், வாப்பா கதவைப் பார்த்தார், நான் தேங்காய் திருவினேன். மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டியவள் நான்தான்.

அடுத்த நாள் மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் மறித்தேன். தலையைக் குனிந்தபடி புத்தகப் பையின் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பொய் சொல்வது எனக்குத் தெரியும் என்று நேரே சொன்னேன். தன்னுடைய வாப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சத் தொடங்கினாள். சொல்ல மாட்டேன் என்று அவளை இருத்தி, இதே பொய்யைச் சொன்னவள் நான் என்று தொடங்கி, யாருக்கும் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா முதல் நாள் சொன்னதையும் சொன்னேன். கண் வெட்டாமல் கேட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் எது விளங்கியிருக்கும், எது விளங்காமல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்றுதான் அறிய வேண்டியிருந்தது.

"தெரிஞ்சாப்பிறகு உங்கடை வாப்பா உங்களுக்கு ஏசினவரோ, ரீச்சர்?"

இல்லை என்றேன். ஒரு சொல்லும் ஏசவில்லை என்றேன்.

அவள் தன்னுடைய வாப்பாவை நினைத்திருப்பாள்.

"அப்ப அவர் நல்ல வாப்பா, என்ன?" என்றாள்.

"ஓம்" என்றேன். வாப்பாவைப் பற்றி நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.