புரட்சிக்குச் சோறாக்கியவர்

அந்த அரபு நாட்டில் புரட்சி வெடித்த செய்தியைக் கீழக்கரையில் எனக்குச் சொன்னவன் என் தம்பி. உலகத்தில் எந்த ராஜா கவிழ்ந்தாலும் அவனுக்குத்தான் முதலில் வேர்க்கும். பிரான்ஸ், ரஷ்யா, கியூபா என்று எல்லாப் புரட்சியும் மனப்பாடம். தின்ற தட்டைக் கழுவியதாக மட்டும் சரித்திரம் இல்லை.

"லாத்தா, அதிபர் விமானம் ஏறி ஓடிட்டான்! மக்கள் ஜெயிச்சுட்டாங்க!" என்று டிவி முன்னால் குதித்தான்.

"ஒன் மச்சான் ஏறிட்டாராடா?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பெரிய அதிகாரி வீட்டில் சமையல்காரர். மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வாப்பா முன்னால் இருந்து பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்றுதான் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்திருந்தோம். அவர் பாஸ்போர்ட் இருந்ததோ அதிகாரியின் அலமாரியில். அந்த மனுஷன் வளர்த்த பூனையைக்கூட மறக்காமல் தூக்கிக்கொண்டு அதிபர் பின்னாலேயே ஓடிவிட்டாராம். சாவியும் அவரோடு போய்விட்டது.

"ஒடைச்சு எடுங்களேன்" என்றேன் போனில்.

"அடுத்தவங்க அலமாரிய எப்படி புள்ள ஒடைக்கிறது? ஹராம் இல்லையா?"

ஊரே சூறை போகிறது, எனக்கு வாய்த்தவர் இப்படி. வயிற்றெரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் புரட்சிக்காரர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்து, அலமாரியை அவர்களே உடைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று தெருவெல்லாம் சொல்லி, கல்யாணப் பத்திரிகையும் அடிக்கக் கொடுத்துவிட்டேன். எனக்கே புரட்சிமேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தம்பியோ தானே துப்பாக்கி பிடித்தவன்போல் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான்.

மறுநாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். புரட்சிக்காரர்களின் தலைவர் இவரைக் கட்டிப்பிடித்து, இனி நீ அடிமையில்லை, சுதந்திர மனிதன் என்றாராம். இவர் அழுதேவிட்டாராம். அப்புறம் தலைவர் பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், நாற்பது பேருக்குச் சோறாக்கு என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கறி இல்ல, கோழிதான் இருக்குன்னேன்."

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "இது இடைக்கால ஏற்பாடு லாத்தா, ஆரம்பத்துல எல்லாப் புரட்சியும் கொஞ்சம் அப்படித்தான்" என்று தம்பி ஆரம்பித்தான். வெளியே போடா என்று விரட்டினேன்.

மூன்றாவது முறை தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டில் ஒப்பவில்லை. வீட்டுக்காரர் போனிலேயே தன் அண்ணனிடம் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். நிக்காஹ் அன்று மகள் உள்ளறையில் போனைக் காதோடு வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆலிம் ஓதி முடித்ததும், "வாப்பா, எனக்கு துஆ செய்ங்க" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ அரபியில் அதட்டினார்கள்.

"செத்த இரும்மா, சோறு கேக்குறாங்க" என்றார். போனை எங்கேயோ வைக்கும் சத்தம், அப்புறம் சட்டி உருளும் சத்தம். மகள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கழுத்தில் கருகமணி கட்ட வந்து நின்ற மாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க மாமி, வாப்பா வந்துருவாங்க."