மெதுவாகப் பேசத் தெரியாத சேஷாத்ரி சார்

சேஷாத்ரி சார் போய்விட்டார். இன்று விடியற்காலை, சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டிலேயே.

நம் வாசகசாலை போர்டில் இதை ஒட்டுகிறேன், பார்ப்பவர்கள் மற்ற நண்பர்களுக்கும் சொல்லுங்கள். சாயங்காலம் எடுக்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாது... ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி. பகலெல்லாம் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் பிரசங்கி. பயப்படாதே, உன்னால் முடியும்... எப்போதும் இதுதான் லெக்சர்.

பரீட்சையில் கோட்டை விட்டவர்கள், வேலை போனவர்கள் எல்லாரும் மணலில் வந்து உட்காருவார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே, கத்துவார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் மீன் கூடையோடு போன அம்மாள் ஒருத்தி நின்று பார்த்தாள். "இன்னா சாமி, யாரை இப்டித் திட்டிக்கினு கீறே?"

பயத்தைத் திட்டுகிறேன் என்றார் சார், ரொம்ப சீரியஸாக. நல்லாத் திட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பூரா அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அந்த லெக்சர்களையே புஸ்தகமாகப் போட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்பில் ஆபீஸுக்கே முழுக்குப் போட்டுவிட்டார். இனி எழுத்தும் லெக்சரும்தான் என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அந்தப் பாழாய்ப்போன லவுட்ஸ்பீக்கர் வந்தது... மாட வீதி சபாவில் முதல் தடவையாக வைத்தார்கள். ஹால் நிறையக் கூட்டம். சார் கடற்கரைக் குரலிலேயே ஆரம்பித்தார்.

மிஷின் ஊளையிட்டது. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மெக்கானிக் ஓடிவந்து, கத்தாமல் பேசினாலே போதும் என்றான்.

மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம்... அதற்கு மேல் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதோடு மேடையும் போயிற்று, எழுத்தும் போயிற்று.

மிஷினை நிறுத்துங்கள், அவர் பாட்டுக்குப் பேசட்டும் என்று சொல்ல, அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே. சே.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஜுரத்தில் சுருண்டு கிடந்தார். நாலு பேர் சிரித்ததற்காகவா சார் எல்லாவற்றையும் விட்டீர்கள் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சிரிச்சதுக்கு இல்லை ஓய். இத்தனை வருஷமாக் கத்திண்டிருந்ததை அன்னிக்குத்தான் மெதுவாச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரலை."

கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று ஏதோ சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

நான் நம்பினேன் சார்... போய் வாருங்கள்.