கேட்டால் மட்டும் சொல்பவர்

பேருந்திலிருந்து இறங்கிக் கல்லூரி வாசலை எட்டுவதற்குள் தோடுகளைக் கழற்றிவிடுவார். அவை கைப்பையில் இருக்கும் சோப்பு டப்பாவுக்குள் போகும். அடுத்து, வாரியிருந்த தலையை விரல்களாலேயே கொஞ்சம் கலைத்துக்கொள்வார். "மாசக்கணக்கா தலை வாராம கெடக்கிறவ, தோட்ட மட்டும் ஞாபகமா எடுத்து மாட்டிக்குவாளா?" என்பது அவர் கேள்வி. வாசல் காவலாளி வரும்போதெல்லாம் தவறாமல் விசாரிப்பார்: "என்னக்கா, இன்னைக்கு என்ன சீக்கு?"

"இன்னைக்குப் பயம். மூடின இடத்துக்குள்ள போகமாட்டேன். லிஃப்டு கிட்டயே கூட்டிட்டுப் போகாத, கத்திடுவேன்."

மாடிப்படியில் நடந்தே ஏறுவார். உடம்புக்கு நல்லது என்பது தனிக் கணக்கு.

காலை முழுவதும் சலவைக்கடையின் முன்மேசையில் துணி வாங்கிப் போடுகிறவர் அவர். மதியத்துக்குமேல், வாரத்தில் சில நாள், மருத்துவ உளவியல் படிக்க வந்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி நோயாளி. மனம் நொந்து வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியாத பிள்ளைகளை, நொந்தவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது. அதனால் முதலில் இவர் நொந்தவராக வந்து உட்காருவார். அவர்கள் கேட்டுப் பழகுவார்கள். பேராசிரியை ஓரமாக இருந்து கவனிப்பார். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் நோயாளியக்கா.

வேலை கிடைத்ததும் சலவைக்கடையில்தான். பேராசிரியை அங்கே வாடிக்கையாளர். சாயம் போனதற்குச் சண்டைபிடித்துவிட்டுப் போன ஒருவரை, அவர் தெருமுனை திரும்புவதற்குள் குரல், தோள்குலுக்கல், மூக்குறிஞ்சல் உட்பட இவர் நடித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டார். "எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டாராம்.

"அங்க எதுக்கு மேடம்? எனக்கு என்ன கோளாறு?"

நடிக்க வேண்டிய நோயாளியின் கதையைப் பேராசிரியை வாயால் சொல்வார். இவர் இரண்டு முறை கேட்டுக்கொள்வார். பிறகு சந்தேகங்கள். "இவ காலையில பல்லு தேய்ப்பாளா? புருஷன் உள்ள வந்தா எந்திரிப்பாளா, படுத்தே கெடப்பாளா? புள்ளைங்கள அடிச்சுட்டு அழுவாளா, அழுதுட்டு அடிப்பாளா?" நோயின் பெயரை மட்டும் கேட்கமாட்டார். "பேரு எதுக்கு மேடம்? அது தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி நடிக்க ஆரம்பிச்சுடுவேன்."

மாணவர்களைப் பற்றி அவருக்குத் தனி மதிப்பெண் பட்டியல் உண்டு, வாயிலேயே வைத்திருக்கிறார். "ஒருத்தன் வாயத் தொறந்தா மூடவே மாட்டான். நோயாளி நானா அவனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இன்னொரு பொண்ணு, நான் அழுததும் அதுவும் அழுதுருச்சு. கடைசியில நான்தான் தண்ணி கொடுத்துத் தேத்துனேன்." வீட்டுக்குத் திரும்பினால், பேருந்து ஓட்டுநரான கணவர் கதவைத் திறந்துகொண்டே கேட்பார்: "வந்திருக்கிறது பொண்டாட்டியா, கேஸா?"

"கேஸு பாதி வழியிலேயே எறங்கிருச்சு. நகருங்க."

கதைகளிலேயே கடினமானதை ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். வெளிப்பார்வைக்கு அது தூக்கமின்மைக் கதை. தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்பதுவரை கேட்காமலேயே சொல்லலாம். உள்ளே ஒன்று இருக்கிறது: அந்தப் பெண்ணுக்கு வாழப் பிடிக்கவில்லை. அதைக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். நேராகக் கேட்டால் நேரான பதில். சுற்றி வளைத்தால் 'இல்லை' என்றுவிட வேண்டும். பேராசிரியையின் கண்டிப்பான விதி அது. இவர் ஒருநாளும் அதை மீறியதில்லை.

சென்ற மாதம் அந்தக் கதைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண். நன்றாகவே கேட்டாள். அவசரப்படவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "தப்பான எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லல்ல உங்களுக்கு?"

"சேச்சே, இல்லம்மா."

பெண்ணின் முகம் தெளிந்தது. நன்றி சொல்லி முடித்துவிட்டாள். பேராசிரியை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்லைன்னு சொன்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நிம்மதியா இருந்துச்சு மேடம்."

"இல்லைன்னு சொல்லுங்கன்னு கெஞ்சுற மாதிரி கேட்டே. அவங்களும் உனக்காகச் சொல்லிட்டாங்க."

"செத்துப் போகணும்னு தோணுதான்னு எப்படி மேடம் கேக்குறது? இல்லாத நெனப்ப நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"கேக்குறதால வராதும்மா. இருந்தா, சொல்றதுக்கு ஒரு ஆள் கெடைச்ச மாதிரி இருக்கும்."

படியிறங்கும்போது இவருக்கு ஆற்றாமை. பின்னால் வந்த மாணவிகளிடம், "கேட்டா நாக்கு வெந்துருமா? மனசுக்குள்ள வாயத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்களே!" என்று சடைத்துக்கொண்டார். அவர்கள் சிரித்தார்கள். இவரும் தோடுகளை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் தம்பி இருந்தான். அவன் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டது. மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இவன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தொந்தரவு இல்லாத விருந்தாளி. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், போர்வையை மடித்து வைப்பான், கேட்டதற்குச் சிரிப்பான். அந்த வாரம் புதிதாக ஒன்று செய்திருந்தான். தன் கையாலேயே பழுது பார்த்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த வானொலிப் பெட்டியை அக்காவின் கணவரிடம் கொடுத்துவிட்டான். "எனக்கு எதுக்கு மாமா, நீங்க வெச்சுக்குங்க." மச்சானுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று கணவருக்கு வாயெல்லாம் பல்.

ஆசை ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறவர்களாக இவர் சில கதைகளில் நடித்திருக்கிறார். அப்படிக் கொடுப்பதற்கு என்ன அர்த்தம் இருக்கக்கூடும் என்று பேராசிரியை மாணவர்களுக்குச் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டுமிருக்கிறார்.

அன்று சாயங்காலம் இவர் பாத்திரம் கழுவ, தம்பி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். குழாயைப் பார்த்தபடியே கேட்டார்: "டேய், நீ தப்பா எதுவும் யோசிக்கலையே?"

"சேச்சே, இல்லக்கா."

அந்த 'இல்ல'யை அவருக்குத் தெரியும். சட்டென்று வந்து, மேலே லேசாகச் சிரிப்புத் தடவி, கேட்டவரை நிம்மதியாக அனுப்பி வைக்கிற 'இல்ல'. "என் சரக்கையே எனக்கு வித்துட்டான்" என்று பிறகு சொன்னார். அதைவிட அவருக்கு உறைத்தது, அதைக் கேட்டதும் ஒரு கணம் தன் நெஞ்சு லேசானதுதான்.

குழாயை மூடினார். கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்: "மச்சான், இதுல ஸ்டேஷன் எப்படி மாத்துறது?" போகத் திரும்பியவனை ஈரக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அவரு கெடக்கிறாரு, இரு. இங்க பாரு. செத்துப் போயிடலாம்னு தோணுதாடா உனக்கு?"

எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருந்தாரே தவிர, அந்தக் கேள்வியை அவர் வாய் கேட்டதே இல்லை. ஆனாலும் முழுதாகக் கேட்டுவிட்டார். தம்பி துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். பேசத் துடித்த நாக்கை இவர் அடக்கிக்கொண்டு நின்றார்.

"தோணுது."

"எப்பவாவதா?"

"தெனமும்க்கா."

அழவில்லை, திட்டவில்லை. அடுத்து கேட்க வேண்டியவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார், அவன் சொன்னான். வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டுமோ அதை அப்புறப்படுத்தினார். பேராசிரியைக்குத் தொலைபேசியில் பேசினார். விஷயம் தெரிந்த கணவர் வானொலியைத் தூக்கிக்கொண்டு வந்து மச்சான் படுக்கைப் பக்கத்தில் வைத்து, "எனக்கு இதோட மல்லுக்கட்ட முடியலப்பா. நீயே பாட வை" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தன் பாயையும் விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தம்பியை அழைத்துப்போனார். பயிற்சி வகுப்புகள் நடக்கும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் நிஜமாக வருகிறவர்களைப் பார்க்கிறார்கள். வரவேற்பில் இருந்த பெண், "இன்னைக்கு க்ளாஸ் இல்லையேக்கா?" என்றாள்.

"தெரியும். இவன் என் தம்பி."

உள்ளே இருந்த உளவியலாளர் முன்பின் தெரியாத இளைஞர். "வாங்க, உக்காருங்க" என்றார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே நாற்காலி. இவர் நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் தாமாகத் தொய்ந்தன, பார்வை தரைக்குப் போனது. உளவியலாளர் அவரைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

பின்னால், கதவோரம், தம்பி நின்றுகொண்டிருந்தான்.

இவர் எழுந்தார். தூசி இல்லாத அந்த இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து, நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பிப் போட்டார்.