கையளவு அம்மா

முன்பள்ளி ரீச்சர் வேலை என்பது, ஊரார் பெற்ற பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே மனித மனத்தைப் படிப்பது. பிள்ளை வளர்த்து நொந்துபோன உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில், கடற்காற்றுக்குக் கதவு தானாகத் திறந்து மூடும் ஒரு சின்னப் பள்ளியில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் மன்னாருக்குப் போய் விருத்தி உளவியலில் டிப்ளோமா படிக்கிறேன். அங்கே படித்ததைத் திங்கட்கிழமை இங்கே சோதித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கட்டத்துக்குள் ஒரு முகம்

பேப்பரும் பென்சிலும் குடுத்து, "அம்மாவைக் கீறுங்கோ" என்றேன். நான்கு வயது ஆன்சி ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரு முகத்தை வைத்தாள். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டா. ஆன்சிக்கு அம்மா என்றால் தகப்பனின் போன்தான். அது அடித்தால் "அம்மா அழுறா" என்று ஓடுவாள்.

கண்ணில் படாததும் உலகத்தில் இருக்கிறது என்பதைக் குழந்தை ஒரு வயதுக்கு முன்னமே அறிந்துகொள்ளும் என்கிறது புத்தகம். போனுக்கு வெளியே ஓர் அம்மா இருக்கிறா என்பதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மார்கழியில், யேசு பிறந்த நத்தாருக்கு அவ வரப்போகிறா. மத்தியானம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தகப்பன் அன்ரன், கடலுக்குப் போகும் மனிசன், படத்தில் கழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: "ரீச்சர், அவ வந்து நிண்டால் இவளுக்கு அடையாளம் தெரியுமோ?"

உயரக் கிளாஸ்

ஒரே அளவு ஜூஸைக் கட்டைக் கிளாசிலும் உயரக் கிளாசிலும் ஊற்றி, எதில் கூட என்று கேட்டால், இந்த வயதுப் பிள்ளைகள் உயரத்தைத்தான் காட்டுவார்கள். வளர வளர அது தெளியுமாம். அவர்கள் கண் முன்னாலேயே ஊற்றினேன். ஒருத்தர் தப்பாமல் உயரத்தையே காட்டினார்கள். புத்தகம் சொன்னது பலித்த புளுகம் எனக்குத் தாங்கவில்லை! வாசலில் நின்ற ஒரு தாயைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவுதான் என்று திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன். அவ தலையாட்டிக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னா: "சமன் எண்டு விளங்குது ரீச்சர். எண்டாலும் என்ர பிள்ளைக்கு உயரக் கிளாசிலேயே குடுங்கோ."

யார் யாரைக் கூட்டிப்போவது

பேத்தியைக் கூட்டிப்போக ஒரு வயதானவர் நாளும் வருவார். பேத்தி இங்கே இல்லை, அவள் பெரிய பள்ளியில் கடைசி வகுப்பு, ஏ.எல். படிக்கிறாள். அவருடைய நினைவில் அவள் இன்னும் முன்பள்ளிதான். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்தபடி அப்படியே கண் சொக்கிப்போவார். மதிலோரம் கழுதைகள் நின்றபடி தூங்கும். பாயில் பிள்ளைகள் தூங்குவார்கள். அந்த நேரம் யாருக்கு என்ன வயது என்று எனக்கே மயக்கமாக இருக்கும்.

அவரைத் தேடிவரும் பேத்தி கேற்றுக்கு வெளியே, கன்னத்துப் பருவைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பாள். ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று நினைக்கும் வயது, பாவம். ஒருநாள் அந்தக் கையை எடுத்து, உள்ளே வந்து, அவருடைய கையைப் பிடித்தாள்: "அப்பப்பா, பள்ளி விட்டிட்டுது. இண்டைக்கு நான் உங்களைக் கூட்ட வந்தனான்."

கேற்றடியில்

நத்தார் லீவுக்கு முதல் நாள், அன்ரனோடு ஆன்சியின் தாய் வந்தா. "குஞ்சு" என்றா. தெரிந்த குரல். ஆன்சி தகப்பனின் சட்டைப் பொக்கற்றைப் பார்த்தாள். போன் அதற்குள் சும்மா கிடந்தது. பயந்துபோய் என் சீலைக்குப் பின்னால் ஓடி, இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்தினாள். தான் பார்க்காவிட்டால் தன்னையும் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணம்.

தாயின் முகம் வாடிப்போச்சு. நான் படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! "அவசரப்படாதைங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவ அப்படியே மணலில் காலை நீட்டி இருந்துவிட்டா. அழுதா.

விரலிடுக்கால் ஆன்சி பார்த்தாள். கிட்டப் போனாள். குனிந்து, தாயின் கால் பெருவிரலைத் தொட்டாள். அது அசைந்தது. அங்கிருந்து முழங்கால், மடி, கழுத்து என்று மெல்ல மெல்ல மேலே பார்த்துக்கொண்டே போய், முகத்தில் வந்து நின்றாள். பிறகு ஊருக்கே கேட்கக் கத்தினாள்: "ரீச்சர், அம்மாவுக்குக் கால் இருக்கு!"

பிள்ளை படிப்படியாக வளரும் என்று சோதினையில் எழுதி நானும் பாஸ்தான். ஆனால் ஓர் அம்மா கால் பெருவிரலில் தொடங்கி மேல்நோக்கி வளருவா என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை.