முள்ளம்பன்றிக்கு ஒரு கிளை

வெளிநாட்டு முள்ளம்பன்றி ஒன்றை மேற்கு மாம்பலத்தில் என் ஃப்ளாட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனான் தம்பி. ஆசைப்பட்டு வாங்கினானாம். அவன் வீட்டு ஓனர் சத்தம் போட்டதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

முள்ளம்பன்றி என்றால் வளை தோண்டும், அவ்வளவுதானே நமக்குத் தெரியும்? பெரிய டப்பில் மணலைக் கொட்டி விட்டேன். கேரட், சர்க்கரைவள்ளி வைத்தேன். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்து, கைக்குழந்தை மாதிரி முனகியது.

அடையாறில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஃபோட்டோவைக் காட்டினேன்.

"இது மரத்துல வாழறதும்மா. தென் அமெரிக்கக் காடு. பகல்ல கிளையிலயே தூங்கும், ராத்திரி இலை, பட்டை எல்லாம் திங்கும். வால்தான் அதுக்கு இன்னொரு கை. தரையில விட்டா பயத்துலயே போயிடும். வளர்க்க லைசென்ஸ் பேப்பர் இருக்கா? இல்லையா? அப்ப வனத்துறைக்குச் சொல்லிடுங்க."

தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, உன் கால்ல விழறேன், சொல்லிடாதே. என்னை உள்ள தள்ளிடுவாங்க. எனக்குக் குழந்தை இருக்குக்கா" என்று அழுதான்.

தெருவில் மாநகராட்சி ஆட்கள் தூங்குமூஞ்சி மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளை கேட்டேன்.

"இன்னாத்துக்குமா? வூட்ல கேஸ் இல்லியா?" என்று சிரித்தார் ஒருவர்.

மாடிக்கு இழுத்துப்போய் ஜன்னல் கம்பியில் கட்டினேன். அந்த மரமும் எந்தக் காலத்திலோ அதே தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து இங்கே வந்ததுதான். முள்ளம்பன்றி முகர்ந்து பார்த்தது. மெல்ல ஏறியது. முள்ளில்லாத வால்நுனியைக் கிளையில் சுற்றிக்கொண்டது. பட்டையைக் கொறிக்கும் சத்தம் கேட்டதும் அழுதேவிட்டேன்.

ஆனால் அதோடு சரி. கிளை காய்ந்தது, வேறு கிளை கிடைக்கவில்லை. முள்ளம்பன்றி கீழே விழுந்து கிடந்தது, கண்ணே திறக்கவில்லை. நானே வனத்துறைக்குப் போன் செய்தேன். தெருவில் கிடைத்தது என்று சொல்லிவிடலாம், தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு கூண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். துண்டில் சுற்றித் தூக்கினேன். வாலால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பலமே இல்லாத பிடி, ஆனால் விடவில்லை. நானேதான் பிரித்தெடுத்தேன்.

"யாரும்மா குடுத்தது? எங்கேர்ந்து வந்துச்சு, இன்னா தின்னுக்கினு இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் எதுனா பண்ண முடியும். இல்லன்னா தாங்காது" என்றார் வந்தவர்.

தம்பியின் நம்பரைச் சொன்னேன்.